முப்பது மயிர்க் கற்றைகள்

1

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் சேகரிப்பில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. திறந்தால் உள்ளே முப்பது மயிர்க் கற்றைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கறுப்பு, கரும்பழுப்பு, பழுப்பு, பொன்னிறம், செந்நிறம் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். அசல் மயிர் அல்ல. செல்லுலோஸில் செய்த செயற்கை இழை. ஓய்கன் ஃபிஷர் என்ற ஜெர்மன் மானுடவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வடிவமைத்தது. எதிரே நிற்பவரின் தலைக்குப் பக்கத்தில் பெட்டியைப் பிடித்து, எந்தக் கற்றையோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். செய்முறை அவ்வளவுதான். துணிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி மேட்ச் பார்க்கிற மாதிரி.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டி யார் யார் தலைக்குப் பக்கத்தில் பிடிக்கப்பட்டது, பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியது.

தொடங்குமுன் சொல் பற்றி ஒன்று. "மயிர்னு எழுதணுமா, முடின்னு போடக்கூடாதா" என்று கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். திருக்குறளில் மானம் பற்றிய அதிகாரத்திலேயே கூச்சமில்லாமல் புழங்குகிற சொல் இது. இன்று வசைச்சொல். மானத்துக்கும் வசைக்கும் நடுவில் இந்தச் சொல் பயணப்பட்ட தூரமே தனியாக ஆராயத்தக்கது. போகட்டும். உடலின் மிக அற்பமான பகுதி என்று நாம் கருதுகிற ஒன்றின் மீது எத்தனை பெரிய அதிகாரங்கள் எழுப்பப்பட்டன என்று சொல்வதற்கு 'மயிர்'தான் பொருத்தமான சொல் என்று எனக்குப் படுகிறது.

மயிர் பரம்பரையாக வருகிறது என்பதை யாரும் விஞ்ஞானியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. குழந்தை பிறந்த வீட்டில் பத்தாம் நாளே பேச்சு தொடங்கிவிடுகிறது. "முடி யாரைக் கொண்டிருக்கு?" "அப்படியே அவுங்க அப்பாயி சுருட்டை." "நெத்தி மட்டும் தாய்மாமனை உரிச்சு வச்சிருக்கு." இந்தப் பேச்சுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: சாயல். சாயல் என்பது ஒருவரிடம் தனியாக இருக்கிற பொருள் அல்ல. இரண்டு பேருக்கு இடையில் இருப்பது. இன்னாருடைய சாயல் என்றுதான் சொல்ல முடியும். அது பாதியாக இருக்கலாம், ஒரு தலைமுறை தாண்டி வரலாம், வயது ஏற ஏற மாறலாம். ஃபிஷரின் பெட்டி செய்கிற வேலை வேறு. அது யாருடைய சாயல் என்று கேட்பதில்லை. நீ எத்தனையாவது எண் என்று கேட்கிறது. இதை வகை என்போம்.

சாயல் உறவைச் சொல்கிறது. வகை இடத்தைச் சொல்கிறது. மயிரின் மரபியல் வரலாறு, சாயலை விளக்குவதாகச் சொல்லிக்கொண்டு வகைகளைக் கட்டிய வரலாறு. அந்த வகைகளை அதே மரபியல் பின்னால் தன் கையாலேயே கலைத்த வரலாறும் அதுதான்.

2

மயிரைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது மரபணுவுக்கு முந்தியது. 1825ல் போரி த சேன் வென்சான் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் மனித குலத்தை நேர்மயிர் உள்ளோர், சுருண்ட மயிர் உள்ளோர் என்று இரண்டாகப் பகுத்தார். 1860களில் ப்ரூனர் பே மயிரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருந்தால் நேர்மயிர், தட்டையான நீள்வட்டமாக இருந்தால் சுருள்மயிர். ஆகவே குறுக்குவெட்டின் வடிவமே இனத்தின் முத்திரை என்றார். டார்வினின் நண்பர் ஹக்ஸ்லியும் மயிரின் வடிவத்தை வகைப்பாட்டின் முக்கியமான அடையாளமாகக் கொண்டார். தக்காணத்தின் மலைவாழ் மக்களை அவர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு ஒரே வகையில் சேர்த்ததற்குக் கரிய தோலும் அலையலையான மயிரும் காரணங்களாயின. நம்மூர்க்காரர்கள் இந்த வரலாற்றுக்குள் நுழைவது இங்கேதான். மீண்டும் வருவார்கள்.

மயிரை எண்ணுவதில் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய முயற்சி ஜெர்மனியில் நடந்தது. அதன் பின்னணி வேடிக்கையானது. பிரான்சை பிரஷ்யா தோற்கடித்த கையோடு, 1871ல் கத்ரஃபாஜ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர், பிரஷ்யர்கள் அசல் ஜெர்மானியரே அல்ல, பின்னிய வம்சத்தார் என்று எழுதினார். போர்க்களத்தில் தோற்றவர்கள் தலைமயிரில் பழிவாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர் ருடால்ஃப் விர்ஷோ. நோயியலின் தந்தை என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்களே, அவரேதான். ஜெர்மனியின் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய மயிர், கண், தோல் நிறத்தையும் ஆசிரியர்களைக் கொண்டு கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முழு முடிவுகள் 1886ல் வெளிவந்தன.

பொன்மயிர், நீலக்கண், வெள்ளைத்தோல் மூன்றும் ஒருங்கே அமைந்த 'அசல்' வகை எவ்வளவு? 31.8 சதவீதம். கறுத்த மயிரும் கறுத்த கண்ணும் கொண்ட வகை சுமார் 14 சதவீதம். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இரண்டிலும் சேராதவர்கள்! யூதப் பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் 'அசல் ஜெர்மானிய' வகையில் வந்து நின்றார்கள். தூய இனம் என்று ஒன்று கிடையாது என்பதற்கு விர்ஷோ இதையே சான்றாக்கினார்.

தாராளவாதியான விர்ஷோவின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது முடிவை அல்ல, எண்ணிய முறையை. யூதப் பிள்ளைகள் தனியாக எண்ணப்பட்டார்கள். நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், ஆசிரியர் தாளும் பேனாவுமாக வந்து நின்ற அன்று, இரண்டு பட்டியலுக்குள் போனார்கள். தூய இனம் இல்லை என்ற முடிவைச் சீக்கிரமே எல்லோரும் மறந்துவிட்டார்கள். மயிரைப் பார்த்துத் தனியே எண்ணலாம் என்ற பாடம் மட்டும் வகுப்பறையில் தங்கிவிட்டது. வகைப்பாட்டின் வன்முறை அதன் முடிவில் மட்டும் இருப்பதல்ல. கேள்வி கேட்கும் தோரணையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

3

1900ல் மெண்டலின் பட்டாணி ஆய்வுகள் மறுபடி கண்டெடுக்கப்பட்டன. நெட்டை, குட்டை, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. நாம் பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்டுப் படித்த அதே கணக்கு. பட்டாணிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்தாதா? அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட்டும் அவர் மனைவி கெர்ட்ரூட் டேவன்போர்ட்டும் சேர்ந்து 1907ல் கண்ணின் நிறம், 1908ல் மயிரின் வடிவம், 1909ல் மயிரின் நிறம் என்று அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சுருட்டை ஓங்கு பண்பு, நேர்மயிர் ஒடுங்கு பண்பு. கறுப்பு ஓங்கும், வெளிர்நிறம் ஒடுங்கும். இதன்படி நேர்மயிர்ப் பெற்றோருக்கு நேர்மயிர்ப் பிள்ளைகள்தான் பிறக்க முடியும். சாயலுக்கு முதன்முறையாக ஒரு சூத்திரம் கிடைத்தது.

சூத்திரத்தில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சூத்திரம் வேறொன்றும் செய்கிறது. விதி இதுதான் என்று சொல்லிவிட்டால், விதிக்குப் பொருந்தாமல் பிறக்கும் பிள்ளை என்ன ஆகும்? நேர்மயிர்த் தம்பதிக்குச் சுருட்டைமயிர்ப் பிள்ளை பிறந்தால் தப்பு விதியிலா, தாயிடமா? விதி பொய்க்கும் இடத்தில் எல்லாம் பெண்ணின் கற்பு விசாரணைக்கு வந்து நிற்கிறது. (நம் வீட்டுச் சாயல் பேச்சு மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. "யாரைக் கொண்டிருக்கு" என்ற கேள்வியின் குரல் சற்று மாறினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போய்விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டில் அது வம்பு. சூத்திரம் வந்தபின் அதுவே விஞ்ஞானம்.)

1910ல் டேவன்போர்ட் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் யூஜெனிக்ஸ் ஆவண அலுவலகத்தைத் தொடங்கினார். கண்ணிலும் மயிரிலும் பழகிய கை அடுத்து வறுமை, குடி, 'மந்தபுத்தி' எல்லாவற்றுக்கும் வம்ச வரைபடம் போட்டது. 1924ன் குடியேற்றத் தடைச் சட்டத்துக்கும் பல மாநிலங்களின் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கும் அந்த அலுவலகம் வாதங்களைத் தயாரித்துக் கொடுத்தது.

இப்போது பெட்டிக்கு வருவோம். 1908ல் ஃபிஷர் அன்றைய ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய நமீபியாவுக்குப் போனார். எப்படிப்பட்ட நேரம் அது? 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படைகள் கொன்று குவித்த இனப்படுகொலை அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. அங்கே ரெஹோபோத் என்ற ஊரில், டச்சு வம்ச ஆண்களுக்கும் கோய் இனப் பெண்களுக்கும் வழிவந்த 'பாஸ்டர்' மக்கள் 1870 முதல் வாழ்ந்துவந்தார்கள். வெளியார் இழிவாகப் பார்த்த அந்தப் பெயரைத் தங்கள் பெயராகவே வைத்துக்கொண்டவர்கள். ஃபிஷர் 310 பேரை அளந்தார். வம்சாவளிகளை எழுதிக்கொண்டார். தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார், பெட்டியோடு ஒப்பிட்டார். 1913ல் புத்தகமாயிற்று. மனிதரிடமும் மெண்டல் விதிகள் செல்லும் என்று நிரூபித்த நூல் என்று கொண்டாடப்பட்டது.

அந்த நூலுக்குள்ளேயே இருக்கிற முரண்பாட்டைப் பாருங்கள். ரெஹோபோத் பிள்ளைகளிடம் சுருட்டைமயிர் ஒரு பக்கத்திலிருந்தும் கண்நிறம் இன்னொரு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக வந்து சேர்கின்றன என்று ஃபிஷரின் தரவுகளே காட்டின. பண்புகள் கட்டுக்கட்டாக வருவதில்லை, உதிரியாக வருகின்றன. அப்படியென்றால் 'இனம்' என்ற கட்டே அவிழ்ந்துவிட்டது என்றுதானே பொருள்? ஃபிஷர் அந்தப் பக்கம் போகவே இல்லை. இவர்கள் தாழ்ந்தவர்கள், நமக்குப் பயன்படும் வரையில் மட்டும் குறைந்தபட்சப் பாதுகாப்புக் கொடுக்கலாம், அப்புறம் அழிய விட்டுவிடலாம் என்கிற ரீதியில் முடித்தார். தரவு ஒன்றைச் சொல்ல, தீர்ப்பு வேறொன்றைச் சொல்லிற்று. அளப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் அளவுகோல் என்ன செய்யும்?

1927ல் பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனம் திறக்கப்பட்டபோது ஃபிஷர் அதன் இயக்குநரானார். முதல் உலகப் போருக்குப் பின் ரைன்லாந்தில் நிறுத்தப்பட்ட பிரெஞ்சுப் படைகளின் ஆப்பிரிக்க, ஆசியச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அப்போது அங்கே வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1937ல் நாஜி அரசு அவர்களை இரகசியமாகப் பிடித்தது. ஃபிஷரின் நிறுவனத்து நிபுணர்கள் உட்படப் பலர் அவர்களுடைய மயிரையும் தோலையும் மூக்கையும் பார்த்து, இவர் கலப்பு என்று சான்று எழுதினார்கள். எந்தச் சட்டமும் இல்லாமல், சுமார் 400 பிள்ளைகள் கருத்தடை செய்யப்பட்டார்கள். ரெஹோபோத்தில் குறிப்பேட்டில் ஏறிய எண் ரைன்லாந்தில் அறுவைக் கத்தியாயிற்று. ஃபிஷருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 1952ல் ஜெர்மன் மானுடவியல் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. 1967ல்தான் இறந்தார்.

4

இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1885 முதல் மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். இவருடைய ஏழு தொகுதிகளை (1909) எடுத்துக் காட்டி இன்றும் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. தர்ஸ்டன் அளவுகோலோடு ஊர் ஊராகப் போனவர். மூக்கு, மண்டை, உயரம், மயிர் என்று எதையும் விடவில்லை. மதராஸ் போலீஸாருக்கும் மானுட அளவியல் கற்பித்தார். மனிதரை அறிவதும் குற்றவாளியை அடையாளம் காண்பதும் ஒரே கருவியால் நடந்தன என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அப்போது ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. தென்னிந்தியக் காடுகளில் 'நீக்ரிட்டோ' இனம் உண்டா? உண்டென்றால் கம்பளிபோல் சுருண்ட மயிர் இருக்க வேண்டும். ஆனைமலைக் காடர்களின் தலைகள் இந்த விவாதத்தின் களமாயின. அலையா, சுருட்டையா, கம்பளியா? தென்னிந்தியாவில் கம்பளிமயிர் உள்ள ஒரே ஒருவரைத்தான் தான் கண்டதாகவும், அவர் தமிழ்-ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றும் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒருவரின் விஷயத்தில் மட்டும் தர்ஸ்டனும் நம் அப்பாயி கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: யாரைக் கொண்டிருக்கு?

விவாதம் அதோடு முடியவில்லை. பின்னாளில் இந்திய மானுடவியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநரான பி.எஸ்.குஹா, 1920களின் இறுதியில் காடர்களில் சிலரிடம் சுருள்மயிரைக் கண்டு, இந்தியாவின் மிகப் பழைய படிவம் நீக்ரிட்டோவே என்றார். 1931 கணக்கெடுப்பை ஒட்டி அவர் தந்த இனப் பட்டியலில் நீக்ரிட்டோவுக்கு முதலிடம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தார்கள். ஒரு மலையில் சிலர் தலையில் கண்ட சுருளிலிருந்து ஒரு துணைக்கண்டத்தின் பூர்வ வரலாறு! அளந்தவர் மாறினார், வெள்ளையர் போய் இந்தியர் வந்தார். அளக்கப்பட்டவர் மாறவில்லை. காடர்களின் காட்டில் அணை கட்டினார்கள், மரம் வெட்டினார்கள். அதையெல்லாம் அவர்களிடம் கேட்காதவர்கள் மயிரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

5

வகை தன் முழு அபத்தத்தைக் காட்டியது தென்னாப்பிரிக்காவில். 1950ன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை ஒதுக்கியது. சட்டத்தின் வாசகம் தோற்றத்தையும் சமூக ஏற்பையும் பற்றிப் பேசியது. நடைமுறையில் அதிகாரிகள் கையாண்டது பென்சிலை. தலைமயிருக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். விழுந்தால் வெள்ளை. நின்றால் இல்லை. ஃபிஷருக்கு முப்பது கற்றை தேவைப்பட்டது; இவர்களுக்கு ஒரு பென்சில் போதும். எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது எல்லாமே அதில் அடங்கிற்று. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரு வேறு இனங்களில் பதிவானார்கள்.

சாண்ட்ரா லேங் என்ற பெண்ணின் கதை உலகறிந்தது. 1955ல் வெள்ளையராகப் பதிவான தாய் தந்தைக்குப் பிறந்தவர். தோல் பழுப்பு, மயிர் சுருட்டை. 1966ல், பத்து வயதில், பள்ளியிலிருந்து போலீஸ் துணையோடு வெளியேற்றப்பட்டார். 'கலப்பினம்' என்று மறுபதிவு செய்யப்பட்டார். ஊர் தாயைச் சந்தேகித்தது. தந்தை இரத்தப் பரிசோதனைக்குப் போய், இது என் மகள்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. 1967ல் சட்டமே திருத்தப்பட்டது: பெற்றோர் இருவரும் வெள்ளையராகப் பதிவானவர்கள் என்றால் பிள்ளையும் வெள்ளைதான். சாண்ட்ரா மறுபடி வெள்ளையரானார். மயிர் என்னமோ அதே மயிர்தான்! தலைமுறைகளுக்கு முன் வந்து, பதிவேட்டில் ஏறாமல் உறங்கிய ஒரு மூதாதையின் சாயல் அவர் தலையில் விழித்துக்கொண்டது என்பதே எளிய விளக்கம். சாயலுக்கு இது சாதாரணம். வகைக்கோ இது நிர்வாகச் சிக்கல். பின்னால் ஒரு கறுப்பரோடு வாழப் போன அவர், பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காகத் தன்னை மீண்டும் 'கலப்பினம்' என்று பதியச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. அந்தச் சட்டம் 1991ல் நீக்கப்பட்டது.

6

சரி, மயிர் உண்மையில் எப்படித்தான் பரம்பரையாக வருகிறது? கடந்த முப்பது ஆண்டுகளில் தெரியவந்திருப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கேதான் பெட்டியின் அடித்தகடு கழன்று விழுகிறது.

நிறம் மெலனினின் வேலை. கறுப்பு-பழுப்பு தரும் யூமெலனின், சிவப்பு-மஞ்சள் தரும் ஃபியோமெலனின் என்று அது இரண்டு வகை. எவ்வளவு, எந்த விகிதத்தில் என்பதே நிறம். பதினாறாவது குரோமோசோமில் இருக்கும் எம்.சி.1.ஆர் என்ற மரபணு இந்த இரண்டுக்கும் நடுவில் சுவிட்ச் மாதிரி. இந்த மரபணுவின் மாறுபாடுகளுக்கும் செம்மயிருக்கும் உள்ள தொடர்பு 1995ல் காட்டப்பட்டது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் செம்மயிர். டேவன்போர்ட் கண்ட ஒடுங்கு பண்பு கடைசியில் கிடைத்துவிட்டது போலத்தான் தோன்றியது. 2018ல் சுமார் மூன்றரை இலட்சம் பிரிட்டன்வாசிகளை ஆராய்ந்தபோது, இரண்டு பிரதியும் மாறியவர்களிலேயே பெரும்பாலோர் செம்மயிர்க்காரர்கள் அல்ல, பொன்மயிரோ வெளிர்பழுப்போதான் என்று தெரிந்தது. வேறு மரபணுக்கள் குறுக்கே வருகின்றன. அதே ஆண்டு, ஐரோப்பிய வம்சத்தார் சுமார் மூன்று இலட்சம் பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, மயிர்நிறத்தோடு தொடர்புள்ள 124 மரபணு இடங்களைக் கண்டது. ஆக, கறுப்பு ஓங்கும், வெளிர் ஒடுங்கும் என்ற இரண்டு கட்டத்துக்குப் பதிலாக, நூற்றுக்கு மேற்பட்ட கைகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கலக்கிற ஒரு நிறம்.

வடிவத்துக்கு வருவோம். மயிர் முளைக்கும் குழி வளைந்திருந்தால் மயிர் சுருளும், நேராக இருந்தால் நேராக வளரும். 2009ல் ஆஸ்திரேலிய இரட்டையரிடம் நடந்த ஆய்வின்படி, சுருளின் வேறுபாட்டில் 85 முதல் 95 சதவீதம் வரை பரம்பரை சார்ந்தது. அப்பாயி சொன்னது சரிதான். ஆனால் அந்த ஆய்வு கண்ட முக்கியமான மரபணு, ட்ரைக்கோஹயலின் என்ற புரதத்துக்குரியது, அந்த வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. பரம்பரை என்பது உண்மை. ஒரே காரணி என்பதுதான் பொய். டேவன்போர்ட் காலத்து விஞ்ஞானம் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியது. அரசுகளுக்கும் அதுவே வசதியாக இருந்தது. நூறு காரணிகளை வைத்துக்கொண்டு ஒரு சட்டம் எழுத முடியுமா?

இன்னும் முக்கியமானது ஒன்று. சீனாவிலும் ஜப்பானிலும் பரவலாகக் காணும் தடித்த நேர்மயிருக்கு ஈடார் என்ற மரபணுவின் மாறுபாடு காரணம் என்று 2008ல் தெரியவந்தது. வெட்டுப்பல்லின் வடிவம், வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை ஆகியவற்றிலும் அதே மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பியரின் நேர்மயிருக்கு வழி வேறு. போரி காலத்திலிருந்து ஒரே பெட்டியில் கிடந்த 'நேர்மயிர்' இரண்டு வெவ்வேறு கதைகளாகப் பிரிந்தது. சாலமன் தீவுகளில் கரிய தோலுள்ளோரில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பொன்மயிர். வெள்ளை மாலுமிகளின் இரத்தம் என்றார்கள். வெயில், கடல் உப்பு என்றார்கள். 2012ல் விடை கிடைத்தது: டி.ஒய்.ஆர்.பி.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஐரோப்பியரிடம் அது இல்லை. அங்கேயே தோன்றியது. ஃபிஷரின் பெட்டியைப் பிடித்துப் பார்த்தால் ஸ்வீடன் குழந்தைக்கும் சாலமன் தீவுக் குழந்தைக்கும் ஒரே எண் விழலாம். உறவு ஏதும் இல்லை. ஒரே எண் என்றால் ஒரே வம்சம் என்ற அடிப்படை நம்பிக்கையே இங்கே உடைகிறது. காடரின் சுருளிலிருந்து நீக்ரிட்டோ வரலாறு எழுதியதும் இந்த நம்பிக்கையின் மேல்தான்.

மரபணுவே எல்லாம் என்று சொல்லவும் முடியாது. பிறக்கும்போது பொன்மயிராக இருக்கிற பல ஐரோப்பியக் குழந்தைகளுக்கு வளர வளரப் பழுப்பாகிவிடுகிறது. நம் ஊரில் 'எண்ணெ காணாத செம்பட்டை' என்று ஏழைப் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். அந்தச் செம்பட்டை எல்லா நேரமும் எண்ணெய்க் குறை அல்ல. புரதம் போதாத உடம்பில் கறுத்த மயிரே செம்பட்டையாக வெளிறும். 1933ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இன்றைய கானாவில் குழந்தைகளிடம் விவரித்த க்வாஷியோர்கர் நோயின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. சாப்பாடு கிடைத்த மாதங்கள் கறுப்பாகவும் கிடைக்காத மாதங்கள் வெளுப்பாகவும் ஒரே மயிரில் பட்டை பட்டையாகத் தெரிவதும் உண்டு. பெட்டியைப் பிடித்து அந்த நிறத்துக்கு எண் போட்டால், குறிப்பேட்டில் ஏறுவது வம்சம் அல்ல, பசி.

7

அப்படியானால் பெட்டி ஒழிந்துவிட்டதா? இல்லை. கற்றைகள் போய்ச் சதவீதங்கள் வந்திருக்கின்றன. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் டி.என்.ஏவிலிருந்து கண், மயிர் நிறங்களைக் கணிக்க 24 மரபணுக் குறிகளைக் கொண்ட ஒரு முறை 2013ல் வெளியிடப்பட்டது. 2019ல் ஜெர்மன் நாடாளுமன்றம், அடையாளம் தெரியாத குற்றவாளியின் கண், மயிர், தோல் நிறத்தையும் வயதையும் டி.என்.ஏவிலிருந்து கணிக்கப் போலீசுக்கு அனுமதி தந்தது. விர்ஷோவின் ஆசிரியர்கள் குறித்துக்கொண்ட அதே மூன்று: மயிர், கண், தோல்! இன்றைய ஆய்வாளரை ஃபிஷரோடு ஒப்பிடுவது அநியாயம். அவர் இனம் என்று சொல்வதில்லை, இத்தனை சதவீதம் வாய்ப்பு என்கிறார். சிறு வயதில் பொன்மயிராக இருந்து பின்னால் கறுத்தவர்களிடம் கணிப்பு தவறும் என்பதையும் அவரே எழுதுகிறார். ஆனால் ஆய்வகத்தில் சதவீதமாக இருப்பது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது ஆள் அடையாளமாகிவிடும். பெரும்பான்மையோரின் நிறம் கிடைத்தால் யாரையும் தேட முடியாது. சிறுபான்மையோரின் நிறம் கிடைத்தால் ஒரு தெருவையே வரிசையில் நிறுத்தலாம். மறுபடியும், தனியே எண்ணுவது.

நம் நாட்டில் 1920ன் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022ல் புதிய சட்டம் வந்தது. கைரேகை, கருவிழியோடு உடல்சார் உயிரி மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் எடுத்துவைக்க அது இடம் தருகிறது. இவை அனைத்துக்கும் அந்தச் சட்டம் வைத்திருக்கும் ஒரே பெயர் 'அளவீடுகள்'. தர்ஸ்டனுக்குப் பழகிய சொல்.

மரபியலை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வகையை உடைத்ததும் அந்த மரபியல்தான். உறவு இல்லாமலே ஒற்றுமை வரும், உறவு இருந்தும் வேற்றுமை வரும் என்று அது காட்டியது சின்ன விஷயம் அல்ல. நாம் கேட்க வேண்டியது எந்தக் கேள்விக்கு அது பதிலாக்கப்படுகிறது என்பதைத்தான். மயிர் யாரைக் கொண்டிருக்கிறது என்று கேட்பது ஒன்று. மயிரைக் கொண்டு நீ யார் என்று தீர்ப்பது வேறொன்று. முதல் கேள்வியைக் கேட்பவர் பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் கையில் இருப்பது குறிப்பேடு. 1908ல் ரெஹோபோத்தில் அளக்கப்பட்ட 310 பேரின் வழிவந்தவர்கள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அந்த வீடுகளிலும் பத்தாம் நாள் யாராவது ஒரு கிழவி பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்வாள். ஃபிஷரின் புத்தகத்தில் இல்லாத பெயர் அது.